பழக்கத்துக்கு இடம் வேண்டும்: சென்னையின் மேற்குப் புறநகரில் நீண்ட ஆயுள்

சென்னையின் மேற்குப் புறநகர் வேலையால் உருவான நிலப்பரப்பு. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் அமைந்தது. பிழைப்புத் தேடி இருபது வயதில் இங்கே வந்து, ஷிஃப்ட் பார்த்து, மனை வாங்கி, வீடு கட்டியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் காலத்தில் உயிரைக் கொண்டுபோனவை காலராவும் காசநோயும் பிரசவமும். இவர்களைத் தேடி வருபவை சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம். வயதானால் வருவதுதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. வேலையில் இருக்கும்போதே, பிள்ளைகள் படித்து முடிக்கும் முன்பே வரும் நோய் இது. ஆகவே, எந்த அன்றாடப் பழக்கங்கள் ஆயுளை உண்மையில் நீட்டுகின்றன, அவற்றில் எவை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற ஊர்களில் நிலைக்கும் என்ற கேள்வி இங்கே உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வி.

கேள்வியின் முதல் பாதிக்கு விடை வெகுகாலமாகவே தெரியும். அமெரிக்காவின் அலமேடா மாவட்டத்தில் 1965-ல் ஏறக்குறைய 7,000 பேரிடம் ஏழு பழக்கங்களைப் பற்றிக் கேட்டார்கள்: ஏழெட்டு மணி நேரத் தூக்கம், புகைக்காமை, மிதமிஞ்சிக் குடிக்காமை, உடலுழைப்பு, காலை உணவு, நொறுக்குத் தீனி தவிர்த்தல், அளவான எடை. இவற்றில் ஆறேழு பழக்கம் உள்ள 45 வயது ஆண், மூன்றோ அதற்குக் குறைவாகவோ உள்ளவரைவிட 11 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வார் என்பது கணக்கு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 20,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுருக்கமானது. புகையாமை, அளவு மீறாத குடி, முற்றிலும் உட்கார்ந்தே இராமை, காய்கனி ஆகிய நான்கும் உள்ளவர்களுக்கும் நான்கும் இல்லாதவர்களுக்கும் இடையே இருந்த மரண அபாய வேறுபாடு, 14 வயது வித்தியாசத்துக்குச் சமமாக இருந்தது. நாற்பதாண்டுக்கு மேலான இடைவெளியில், கடல் கடந்த இரு நாடுகளில், ஏறத்தாழ ஒரே பட்டியல். புதிய மூலிகை, புதிய பொடி, தொலைதூரத் தீவுக் கிழவர்களின் ரகசியம் என்று தேடி அலைய வேண்டிய தேவை நமக்கு இல்லை. பட்டியல் கையில் இருந்தும் அது ஏன் வாழ்க்கையாக மாறவில்லை என்பதுதான் ஆராய வேண்டியது. மனஉறுதி போதவில்லை என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். பழக்கம் நிலைப்பது மனிதனின் உறுதியைவிட அவனைச் சுற்றியுள்ள தெரு, வேலை நேரம், கேன்டீன், அக்கம்பக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. இதற்கான வலுவான சான்றுகள் சில சென்னையிலேயே கிடைத்தவை.

முதலில், பழக்கம் மாறினால் நம்மவர்களுக்குப் பலன் உண்டா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெள்ளைக்காரர் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு என்ற பேச்சு மருத்துவர்களிடையேகூட இருந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006-ல் அதற்குப் பதில் தந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். தினம் அரை மணி நடை, தீட்டிய தானியத்திலும் சர்க்கரையிலும் எண்ணெயிலும் குறைப்பு, நார்ச்சத்தில் கூடுதல் என்று இருந்தவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் நோய் குறைந்தது. எடை குறையவில்லையே என்று பத்தே நாளில் நடையை விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம். அந்த மனிதர்களின் மனஉறுதியை யாரும் கூட்டிவிடவில்லை. நினைவூட்டுகிற ஒரு குரல் அவர்களுடைய நாளுக்குள் நுழைந்தது, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு நான் அதிகம் சாய்வது இன்னொரு சான்றின் மீது. அது நடந்த இடம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், திருமங்கலத்தில் உள்ள ஆசியாட் காலனி. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வில் இரண்டு குடியிருப்புகள் இருந்தன: நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் ஆசியாட் காலனி, குறைந்த வருமானக்காரர்கள் வாழும் தியாகராய நகர் பாரதி நகர். ஆசியாட் காலனியில் பரிசோதனை முடிவுகளைக் குடியிருப்போரிடமே விளக்கி, தொடர்ந்து விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள். நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது என்ற கேள்வி எழுந்தது. குடியிருப்போரே பணம் திரட்டி, தங்களுக்கென ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். முதல் கணக்கெடுப்பில் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் நடந்தவர்கள் 14 சதவீதம். சில ஆண்டு கழித்து எடுத்த கணக்கில் அது 59 சதவீதத்தைத் தொட்டது. பத்தாண்டு முடிவில் ஆசியாட் காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனது. அதே காலத்தில் பாரதி நகரில் 6.5-லிருந்து 15.3 சதவீதமாக, இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது. இந்த வேறுபாடு முழுவதையும் பூங்காவின் கணக்கில் எழுதிவிட முடியாது. படிப்பும் வருமானமும் உள்ளவர்களுக்குச் செய்தி முதலில் போய்ச் சேர்கிறது. வருமானம் குறைந்த பகுதியில் மலிவான எண்ணெயும் சர்க்கரையும் தொலைக்காட்சியும் பிந்தி வந்து, வேகமாகப் பரவின. அந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும் 14-லிருந்து 59 என்பது தனித்தனி மனிதர்களின் வைராக்கியத்தால் நடக்கிற மாற்றம் ஆகாது. ஒரே தெருக்காரர்கள் ஒரே சமயத்தில் நடக்கத் தொடங்கியதற்குக் காரணம், நடக்க இடமும், நடப்பவரைப் பார்க்கிற கண்களும் சேர்ந்து கிடைத்ததுதான்.

இந்தக் கண்ணோட்டத்தோடு மேற்குப் புறநகரின் ஒரு நாளைப் பார்த்தால், எந்தப் பழக்கம் எங்கே ஒட்டும் என்பது தெளிவாகிறது. நடையை எடுத்துக்கொள்வோம். தினம் 10,000 அடி என்ற எண், 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்கச் சூட்டிய பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அல்ல. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்த 2019 ஆய்வில், சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட, 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண அபாயம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 8,000-லிருந்து 10,000 வரை பலன் ஏறுவதாகப் பின்வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆக, ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடப்பதில்தான் லாபம் மிக அதிகம். அந்தக் கொஞ்சத்துக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் போகிறவர், நிலைய வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோவைத் தவிர்த்தாலே போகவும் வரவும் இரண்டு நடை கிடைத்துவிடும். புறநகர் ரயில் பாதை தொடாத பூந்தமல்லியில், ஒரு நிறுத்தம் முன்னதாகப் பேருந்தை விட்டு இறங்குவது அதற்கு ஈடு. லண்டன் பேருந்துகளில் 31,000 ஆண் ஊழியர்களை ஆராய்ந்து ஜெரமி மாரிஸ் 1953-ல் காட்டியதும் இதைத்தான்: நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலையைத்தான் பார்த்தார்கள். இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. நாட்டுக்கே சைக்கிள் செய்து கொடுத்த அம்பத்தூரில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவரைப் பார்த்தால் இல்லாதவர் என்று நினைக்கிற காலம் வந்துவிட்டது. பிரிட்டனில் 2,60,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களின் மரண அபாயம் வண்டியிலும் பேருந்திலும் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எட்டு மணி நேரம் லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றும் ஓடியும் வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் போய் நடக்கச் சொல்வதா? கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2021-ல் வந்த கட்டுரை இந்தக் கோபத்துக்கு ஆதரவாகவே பேசுகிறது. ஓய்வு நேர உடலசைவு ஆயுளைக் கூட்டியது, வேலையிடத்துக் கடும் உழைப்பு குறைத்தது. சுமை தூக்குவதும், ஒரே நிலையில் பல மணி நிற்பதும், இடைவேளை இல்லாத அலுப்பும் நடைக்கு இணை ஆகா என்பது அவர்கள் தரும் விளக்கம். வருமானமும் புகைப் பழக்கமும் இதில் கலந்திருக்கலாம் என்று மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. முன்பு சொன்ன நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், உடலுழைப்பு ஏற்கனவே போதிய அளவு உள்ளவர்களிடம் மேலும் நடக்கச் சொல்லவில்லை. இருப்பதைத் தொடரச் சொன்னார்கள். அதுவே சரியான அணுகுமுறை. எஸ்டேட்டில் கணிப்பொறி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் ஃபவுண்டரியில் வேர்ப்பவருக்கும் ஒரே மருந்துச் சீட்டு பொருந்தாது. முன்னவருக்குச் சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை, பின்னவருக்குத் தூக்கமும் தண்ணீரும் நல்ல சாப்பாடும் முதல் தேவை.

அடுத்த மறுப்பு காற்றைப் பற்றியது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் லாரிப் புகையை இழுத்துக்கொண்டு நடப்பதால் நன்மையா தீமையா? காற்று மாசு லேசான விஷயம் இல்லை. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு, நுண்துகள் கூடும்போது சர்க்கரை நோயும் கூடுவதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் சட்ட வரம்பு 40. ஆனாலும் நடைக்கும் மாசுக்கும் இடையே எடை போட்டுப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கீடு தெளிவாக இருக்கிறது. நுண்துகள் 100 மைக்ரோகிராமாக இருக்கும் ஊரில்கூட, நடையின் தீமை நன்மையை மிஞ்ச ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். சைக்கிள் என்றால் ஒன்றரை மணி நேரம். எனவே பெரிய சாலையை விட்டு உள்தெருவைத் தேர்ந்தெடுங்கள், அதிகாலையில் குப்பை எரிக்கும் இடத்தைத் தவிருங்கள், நடையை மட்டும் விடாதீர்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் கரையைச் செப்பனிட்டு நடைபாதை போட்ட பின் காலையும் மாலையும் அங்கே மக்கள் வருகிறார்கள். அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம் ஏரிகளுக்கும் கரை இருக்கிறது. கழிவுநீர் கலக்காமல் காத்து, விளக்கும் பாதையும் கொடுத்தால், இந்தப் புறநகருக்குக் கிடைக்கும் மலிவான மருத்துவமனைகள் அவை.

நேரம் இல்லை என்ற மறுப்பை ஆண்கள் சொல்லும்போது ஓரளவு, பெண்கள் சொல்லும்போது முழுவதும் ஏற்கிறேன். 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். வேலைக்கும் போய், தண்ணீர் பிடித்து, மூன்று வேளையும் சமைப்பவருக்கு அரை மணி நடை என்பது அந்த வீட்டு ஆண் பாத்திரம் கழுவினால் மட்டுமே கிடைக்கும். அதையும் ஆயுள் தரும் பழக்கங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்த தடை தெரு. இருட்டு, நாய், பள்ளம், நடைபாதையில் நிற்கும் வண்டி எல்லாம் சேர்ந்து பெண்களையும் முதியவர்களையும் வீட்டுக்குள் அடைக்கின்றன. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை வேண்டும் என்றது. 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்த அம்பத்தூருக்கு அந்தக் கொள்கை பொருந்தும். சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அந்த வாக்குறுதிகூடத் தரப்படவில்லை. அம்பத்தூர்க்காரர்கள் தங்கள் தெருக்களில் அந்த 80 சதவீதத்தைத் தேடிப் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதப்படுபவை ஏராளம், பயன்படுபவை கொஞ்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நம் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் கோதுமையும் சர்க்கரையும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. அரிசி நம் பாட்டன் முப்பாட்டன் சாப்பிட்டதாயிற்றே என்பார்கள். அவர்கள் சாப்பிட்ட அரிசி இவ்வளவு தீட்டப்படவில்லை, அவர்கள் உட்கார்ந்து உழைக்கவும் இல்லை. அரிசியைக் கைவிடச் சொல்வது நடக்காத காரியம், தேவையும் இல்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ பொரியலோ சுண்டலோ முட்டையோ வைப்பது எந்த வீட்டிலும் முடியும். கோயம்பேடு சந்தைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு காய் குறைவாகச் சாப்பிடுவதற்கு நமக்குச் சாக்கு இல்லை. சர்க்கரையைவிடக் குறைவாகப் பேசப்படுவது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் நடந்த ஆய்வில் சராசரி 8.5 கிராம். குழம்பிலும் சோற்றிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் கடை மிக்சரிலும் அது சேர்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 21,000 பேரிடம், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் அந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு இது நாக்கு உணராத மாற்றம். வீட்டைவிடப் பெரிய வாய்ப்பு கேன்டீனில் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் மாஸ்டர் உப்பைக் கொஞ்சம் குறைத்து, பொரியலைக் கொஞ்சம் கூட்டினால், நூற்றுக்கணக்கான மனஉறுதிகள் தேவைப்படாமலே காரியம் முடிகிறது.

புகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். நாற்பது வயதில் விட்டவர்கள் அதில் ஒன்பது ஆண்டுகளையும், அறுபதில் விட்டவர்கள்கூட மூன்று ஆண்டுகளையும் மீட்டார்கள். தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-ல் வெளிவந்த ஆய்வு இன்னொரு கொடுமையைக் காட்டியது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. தாத்தா தொண்ணூறு வயது வரை பீடி பிடித்தாரே என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஐம்பதில் போய்விட்ட தாத்தாக்களை நேரில் பார்த்துச் சொல்லப் பேரன்கள் இருப்பதில்லை என்பதால்தான் அந்தக் கதை மட்டும் நம் காதில் விழுகிறது. குடிக்குப் பாதுகாப்பான அளவு என்று நம்பத்தக்க எதுவும் இல்லை.

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவரிடம் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசும்போது சுண்டலுக்கும் நடைக்கும் முன்னால் ஹெல்மெட்டைச் சொல்ல வேண்டும். கன்டெய்னர் லாரியும் தண்ணீர் லாரியும் ஓடும் சென்னை பைபாஸிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஓர் இளைஞனின் ஐம்பது ஆண்டு ஆயுளை ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது. உலக ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீட்டின்படி, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஆனாலும் பின்னால் உட்காரும் மனைவியின் தலையும், முன்னால் நிற்கும் குழந்தையின் தலையும் வெறுமையாகவே போகின்றன. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டுவது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்கான சாத்தியக் காரணிகளில் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லிருந்தே வைத்திருக்கிறது. தொழிலாளி தன் ஷிஃப்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவரால் முடிவது, பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குவதும், ஷிஃப்ட் முடிந்த காலையில் வண்டியை விட்டு ரயிலிலோ கம்பெனி பேருந்திலோ வருவதும். மற்றது நிர்வாகத்தின் பொறுப்பு.

இத்தனையும் சொன்ன பிறகு, மேற்குப் புறநகரில் மிக அதிக உயிர்களைக் காக்கக்கூடிய பழக்கம் எது என்று கேட்டால் என் விடை வேறு: ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது, கூடியிருந்தால் மாத்திரையை விடாமல் விழுங்குவது. இதைப் பழக்கம் என்றே யாரும் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த மாநிலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 11 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது. ஆறு லட்சம் பேர் அடங்கிய 123 ஆய்வுகளின் தொகுப்பு, மேல் அளவை 10 புள்ளி குறைத்தாலே பக்கவாதம் 27 சதவீதமும் மொத்த மரணம் 13 சதவீதமும் குறைவதைக் காட்டுகிறது. மாத்திரை விலை மிகக் குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசம். தலை சுற்றவில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று மாத்திரையை நிறுத்துவதுதான் உயிரை எடுக்கிறது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஒருமுறை மாத்திரை எடுத்தால் ஆயுளுக்கும் விடமுடியாது என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. விடமுடியாமல் செய்வது நோய். மாத்திரைக்கு அந்தக் குணம் இல்லை. உப்பும் எடையும் குறைந்து அழுத்தம் இறங்கினால், மருத்துவரே அளவைக் குறைப்பார்.

இதிலும் இடமே முடிவு செய்கிறது. அரை நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்க வேண்டுமென்றால் எந்தத் தொழிலாளியும் மாதாமாதம் வரமாட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது இந்த உண்மையை உணர்ந்துதான். பின்னர் அது தொழிற்சாலைகளுக்குள்ளும் விரிந்தது. நாட்டின் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியை ஒருங்கிணைக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியில் இருக்கிறது. அறிவு இவ்வளவு பக்கத்தில் இருக்க, அந்த 7.3 சதவீதம் இந்த மூன்று ஊர்களிலாவது ஏன் முப்பதாக, ஐம்பதாக ஆகக்கூடாது?

அப்படியானால் எல்லாம் அரசின் வேலை, தனிமனிதன் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். என் வாதத்தை அப்படிப் படிப்பது பிழை. ஆசியாட் காலனியில் பூங்காவை அமைத்தது அரசு அல்ல. தனித்தனியாக நின்ற மனிதர்களும் அல்ல. ஒரு தெருவின் அளவில், ஒரு கேன்டீனின் அளவில், ஒரு குடியிருப்போர் சங்கத்தின் அளவில் கூடியவர்கள் தங்கள் பழக்கத்துக்கான இடத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். அப்படிக் கூடுவதற்கே தனிப் பலனும் உண்டு. மூன்று லட்சம் பேரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளின் தொகுப்பில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு நிலைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளியூர் போனபின் தனித்திருக்கும் ஆவடித் தம்பதிக்கு, திருமுல்லைவாயல் கோயில் பிரகாரத்தில் நாலு பேரோடு சுற்றிவரும் மாலை நேரம் நடையாகவும் மருந்தாகவும் இருக்கும்.

முப்பது வயது தாண்டியவர்கள் இந்த மாதமே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், கட்டணம் கிடையாது. நார்மல்தான் என்று வாயால் சொல்வதை ஏற்காமல், எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் மாத்திரை எடுப்பவர் இருந்தால், தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வார்டு உறுப்பினரை அழைத்து, தெருவிளக்கையும் நடைபாதையையும் ஏரிக்கரையையும் பற்றி மட்டும் பேசுங்கள். பேசியதை மனுவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.